ஒட்டாத தீனி

ஜூலை. ஷப்பெகோவுக்கு மேற்கே
சரிவெல்லாம் உறைபனி.
வண்டியின் பின்கதவைத் தாழ்த்தி
அதன்மேல் ஐந்து கோழிகளைக் கிடத்தினேன்.
வயது இருபத்துநான்கு நாள்.
எடை, இருக்கவேண்டியதில் முக்கால்.

"தின்னாமல் இல்லை டாக்டர்" என்றார் வல்தெசிர்.
"தீனிக் குழாய் ராத்திரியெல்லாம் ஓடுகிறது.
உடம்பில்தான் ஒட்டவில்லை."

நோயின் பெயர் தெரியாமலே
நோயைச் சொல்லிவிட்டார்.

கத்தரிக்கோல் முதல் வளைவைத் திறந்தது.
வெளிறிய ரோஜா நிறம், அதில்
குறுக்கும் குறுக்குமாய் வெள்ளைக் கோடுகள்,
யாரோ ஏணி சாய்த்துவைத்ததுபோல.
மதிப்பெண் இரண்டு என்றேன்.
இவானிர் நோட்டில் எழுதிக்கொண்டார்.
நடுக்குடலில் ஆரஞ்சுச் சளி. மூன்று.
அடுத்த கோழியின் குருட்டுக்குடல்களைத்
திறக்கவே வேண்டியிருக்கவில்லை.
கட்டியான ரத்தம் அடைத்த இரண்டு விரல்கள்,
வெளியிலிருந்தே கறுப்பு.
நான்கு.
நான்குக்கு மேல் எங்களிடம் எண் கிடையாது.

நல்ல குடலைத் தண்ணீரில்
மிதக்கவிட்டுப் பார்த்திருக்கிறேன்.
வெல்வெட்டுபோல் லட்சம் விரல்கள் அசையும்.
ஒவ்வொரு விரலுக்கும்
ஒரே ஒரு செல் கனத்தில் தோல்.
வேலி என்பது அவ்வளவுதான்:
இந்தப் பக்கம் சோளம், சோயா, எச்சம், உலகம்.
அந்தப் பக்கம் கோழி.

அந்தத் தோலுக்குள்தான் குடியேறுகிறது அது.
மரத்தூள் படுக்கையில் தூசிபோல் கிடந்து
ஈரமும் சூடும் காற்றும் வாங்கிப் பழுத்து
கொத்தும்வரை பொறுத்திருக்கும்.
ஓட்டை உடைத்துக் கொடுப்பது கோழியின் அரைவைப்பை.
தாழ் திறந்துவிடுவது கோழியின் பித்தம்.
எட்டுப் பேர் இறங்குவார்கள்.
ஆளுக்கொரு செல்.
உள்ளே நூறாகி, ஆயிரமாகி
சுவரை வெடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு.
உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள்;
இவை உண்பதே வீட்டைத்தான்.

விரல்கள் குட்டையாகி மழுங்கும்.
அடிக்குழிகளில் புதுச் செல்கள் முளைக்காமல் இல்லை.
ஆனால் அவசரம்.
உறிஞ்சக் கற்கும் முன்பே
மேலே தள்ளப்பட்ட பிஞ்சுகள்.
கைக்கு எட்டியது வாய்க்கும் எட்டி,
தொண்டை தாண்டி, வயிறு தாண்டி,
முடியளவு தூரத்தில்
கோழிக்கு எட்டாமல் போயிற்று.

கொட்டகைக்குள் போய்
படுக்கையில் ஒரு பிடி அள்ளி அழுத்தினேன்.
விரலை விரித்த பின்னும் உருண்டை உதிரவில்லை.

"தண்ணீர்க் குழாய் கசிகிறதா?"
"இல்லை" என்றார்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
பதினெட்டாயிரம் கோழிகள் இருந்தும்
சத்தம் குறைவாக இருந்தது.
இறகைச் சிலிர்த்துக்கொண்டு
கும்பல் கும்பலாய்க் குந்தியிருந்தன.

நோட்டிலிருந்து தலை தூக்காமல்
இவானிர்தான் சொன்னார்:
"விறகு விற்கிற விலைக்கு...
பத்து நாளாய் ராத்திரி
விசிறியை நிறுத்திவிடுகிறோம்.
சூடு வெளியே போகக் கூடாதென்று."

சூடு போகவில்லை.
பதினெட்டாயிரம் மூச்சின் ஈரமும் போகவில்லை.

தண்ணீரில் கலக்க ஐந்து நாளைக்கு மருந்து எழுதினேன்.
விசிறி, ராத்திரியும், என்று எழுதி
அடிக்கோடிட்டேன்.
அப்புறம் கம்பெனிப் படிவம்.
காரணம் என்று ஒரு கட்டம்.
"பராமரிப்புக் குறை" என்று எழுதினால்
தீனிக் கணக்கில் ஏற்கெனவே விழுந்த துண்டோடு
இன்னொரு துண்டும் விழும்,
கோழி வயிற்றிலிருந்து இவர்கள் வயிற்றுக்கு.
கட்டம் சிறியது.
"ஈரம்" என்று எழுதினேன்.
பொய்யில்லை.

கையைக் கழுவினேன், இரண்டு முறை.
இவானிர் மாத்தே ஊற்றிய சுரைக்குடுக்கையை நீட்டினார்.
பின்னால் விசிறி இருமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது.
வல்தெசிர் அடுப்புக்கு விறகு எண்ணினார்,
வாய்விட்டு.
வெள்ளிக் குழலில் உறிஞ்சினேன்.
சூடு இறங்குவது
மார்பு தாண்டும்வரை தெரிந்தது.
அதற்குக் கீழே
என்ன நடக்கிறதென்று
எனக்கும் தெரியாது.